சுவர் வாசித்த டிரம்

கிளப்பில் அவரை எல்லோரும் ‘சுவர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கோல் கீப்பர். கைக்கு எட்டிய பந்தை மார்போடு அணைத்துக்கொண்டால், யமனே வந்தாலும் பிடுங்க முடியாது.

அணி கோப்பை வென்ற வருடம், ஆட்டக்காரர்களை வைத்தே ஒரு பாட்டுப் பதிவு செய்ய முதலாளிக்கு ஆசை வந்தது. பதினோரு பேரும் ஸ்டூடியோவில் வரிசையாக நின்று கத்தினார்கள். சுவரின் குரலைக் கேட்ட ஒலிப்பதிவாளர் அவரைத் தனியே அழைத்து, வாயை மட்டும் அசைக்கும்படி கெஞ்சினார். முன்னால் நின்று பாட வந்திருந்த பாடகி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவர் கல்யாணத்தில்தான் எழுந்தார்.

சேர்ந்து வாழ்ந்த நாட்களைவிடப் பிரிந்திருந்த நாட்களே அதிகம். அவர் வீடு திரும்பினால் அவள் கச்சேரிக்குப் போயிருப்பாள். அவள் வந்தால் அவர் வேறு ஊர் மைதானத்தில் நிற்பார். பாதிக் குடும்பம் போனிலேயே நடந்தது.

முழங்கால் தேய்ந்து ஆட்டத்தை விட்டபோது, இனியாவது அவள் பக்கத்தில் இருக்கலாம் என்று நம்பினார். ஆனால் அவள் பாடிய இசைக்குழு அவள் தம்பியுடையது. கச்சேரிக்குப் போகும் வேனில் இருந்தது எட்டே இடம். வாசிக்காத ஆளுக்கு அதில் இடமில்லை. அந்தச் சமயம் பார்த்து, காங்கோ டிரம் தட்டுபவர் வேறு குழுவுக்குப் போய்விட்டார். அந்த வேலையைச் சுவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

டயர் கடைக்கு மேலே இருந்த அறையில் ஒத்திகை. தாளக்கணக்கு தப்பவில்லை. கைதான் தப்பியது. தட்டிய கை தோலை விட்டு எழவே இல்லை. ‘டும்’ என்று ஒலிக்க வேண்டியது ‘டப்’ என்று செத்து விழுந்தது.

“மாமா, அது பந்து இல்ல. தொட்டதும் விட்டுடணும்.”

“விட்டா வேலை போயிடும்னு பயந்தே இத்தனை வருஷம் ஓட்டினேன், மச்சான். இப்ப விடுன்னா கை எப்படி விடும்?”

வீட்டில் தலையணையைத் தட்டிப் பழகினார். தலையணை எப்படித் தட்டினாலும் ‘டப்’ என்றுதான் சொல்லும் என்று மனைவி எடுத்துச் சொன்ன பிறகு, சமையலறைத் தகர டப்பாவுக்கு மாறினார்.

ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் மேடை ஏறினார்கள். அவரை அடையாளம் கண்டு கூட்டம் கைதட்டியது. பிறகு அவள் மெதுவான பாட்டொன்றை எடுத்தாள். அவள் குரல் உயரப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து ‘டப்’. முன்வரிசையில் யாரோ சிரிக்க, சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று. அவள் திரும்பிப் பார்க்காமல் பாடி முடித்தாள். பார்த்திருந்தால் அழுதிருப்பாள்.

இறங்கியதும் தம்பி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அடுத்த கச்சேரிக்கு ஒரு பெண் வாசிக்க வருகிறாள், பேசியாகிவிட்டது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சுவர் கோபப்படவில்லை. தனக்கும் காது இருக்கிறது என்றார். பெட்டிகளைத் தூக்கித் தருகிறேன், வேனில் ஓரமாக உட்கார்ந்து வரலாமா என்று மட்டும் கேட்டார். தம்பி வேனுக்குள் பார்த்தான். எட்டு இடம், எட்டு ஆள்.

அடுத்த கச்சேரி நாளன்று காலையில் வேன் வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. வீடு பூட்டியிருந்தது. தம்பி பதறிப்போய் அக்காவுக்குப் போன் செய்தான்.

“எங்கேக்கா இருக்கே?”

“பஸ்ல. மாமாவோட வர்றேன்.”

“எதுக்குக்கா இந்த வீம்பு? பஸ் தூசில குரல் கெட்டுப்போயிடும், இறங்கு. டிரைவர் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு மாமாவை உட்கார வைக்கிறேன்.”

அவள் பக்கத்தில் பார்த்தாள். அவளுடைய பையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அவர்.

“வேணாம்டா. எங்களுக்கு ஜன்னலோரம் கிடைச்சிருக்கு. நீங்க பின்னாடியே வாங்க.”