மகள் என்னைப் பற்றிப் பிரெஞ்சில் பேசினாள்

முதலில் மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு குளச்சலில் வலை பிடிக்கப் போனவன் நான். கையெழுத்து கோணும், பிழையும் வரும். நாலு பேர் முன்னால் பேச வராது, அதனால் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

பக்ரைனில் எங்கள் மீன்பிடி லாஞ்சில் ஏழு பேர். தமிழ், மலையாளம், வங்காளம், இந்தி, அரபி எல்லாம் ஓடும். போன வாரம் மனைவி ஒரு வீடியோ அனுப்பினாள். "பள்ளிக்கூட விழாவுல ஜெனிஷா பேசினா. ஒங்களப் பத்தியாக்கும்." பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் மேடையில் பேசுகிறாள், எல்லாரும் கை தட்டுகிறார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சமையல்காரன் ரஃபீக் வங்காளதேசத்துக்காரன், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவனிடம் கொடுத்தேன். "பாய், யே அங்ரேஜி நஹீ" என்றான். இங்கிலீஷே இல்லையாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது பிரெஞ்சு.

அதற்குச் சம்மதித்தவனே நான்தான். போன லீவில் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போனபோது வாசலிலேயே மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க ஒண்ணும் பேசாண்டாம். ஒங்க பேச்சக் கேட்டா பிள்ளைய எல்லாம் சிரிக்கும்." டீச்சர் நாகர்கோவில்காரர்தான். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நீட்டிய காகிதத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, தமிழ்ப் பாடத்தை விட்டுப் பிரெஞ்சு எடுக்க நான் சம்மதித்திருக்கிறேன். மார்க்கு கூடுமாம். அதைத் தமிழில் சொல்ல அந்த டீச்சருக்கு என்ன கேடு? கேட்காமல் வந்த என்னை நினைத்தால் அதைவிட ஆத்திரம் வருகிறது.

போனில் மகளிடம் கேட்டேன். "என்னப் பத்தி என்னத்த மக்கா பேசின?"

"அத தமிழ்ல சொன்னா நல்லாருக்காதுப்பா."

"நம்ம பேச்சு அவ்வளவு நாறுதா ஒனக்கு?"

"நீங்க மட்டும் அரபிகிட்ட குளச்சல் பேச்சா பேசுதிய? ஒங்களுக்கு சோறு போடுத பாஷைய நீங்க பேசுதிய. எனக்கு மார்க்கு போடுதத நான் படிக்கேன்."

போனை வைத்துவிட்டேன். கோபம் இன்னும் அடங்கவில்லை.

குளச்சல் பேச்சுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. மீன் படும் இடத்தை எங்கள் முதலாளியின் இன்னொரு லாஞ்சுக்கு வயர்லெஸ்ஸில் அதில்தான் சொல்ல வேண்டும். மற்ற லாஞ்சுக்காரர்களுக்குப் புரியக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. நேற்றும் சொன்னேன்.

"ஏலே, இங்கன நல்லா கெடக்கு. வெரசா வாங்க."

"வாறோம் மக்கா" என்றான் அந்த லாஞ்சில் இருக்கும் ஊர்க்காரன்.

முதலாளி என் தோளில் தட்டினார். யாருக்கும் புரியாததால் இங்கே அதற்கு மதிப்பு. ஊரில் எல்லாருக்கும் புரியும்; அங்கே வாயைத் திறக்கக் கூடாது.

இதன் ஒரு படியை மகளுக்கும் அனுப்புகிறேன். பிரெஞ்சில் மாற்றித் தர இந்த லாஞ்சில் ஆள் இல்லை.

2025 செப்டம்பர் 12, வெள்ளி.