எங்கள் வீட்டில் நாய் இல்லை

தெரு நாய்க்குச் சோறு போடலாமா கூடாதா என்று எங்கள் காலனிக் கூட்டத்தில் இன்றைக்கும் சண்டை நடக்கும். எல்லோரும் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்புவார்கள். வாயாடி டீச்சர் என்று பெயர் வாங்கியவள், ஒன்றுக்கு ஒன்பதாகப் பதில் சொல்கிறவள், நான் இந்த விஷயத்தில் மட்டும் டீ ஆறுகிறது என்று சொல்லி எழுந்து போய்விடுவேன். நாய்களைப் பிடிக்காது போல என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

எண்பதுகளின் நடுவில் சேலையூரைத் தாண்டி ஒரு மனை வாங்கி, இரண்டு அறை கட்டிக் குடிவந்தோம். தெருவில் மொத்தம் ஏழு வீடு. மற்றதெல்லாம் கருவேல முள்ளும் மனைக் கற்களும்தான். என் வீட்டுக்காரர் காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்துப் பாரிமுனைக்கு ஆபீஸ் போவார். நான் பழைய ஊருக்குள் இருந்த நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர். என் பிரம்பைவிட என் வாய்க்குத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று ஹெட்மாஸ்டர் சொல்வார். அதைப் பாராட்டு என்றே அப்போது எடுத்துக்கொண்டேன்.

ஓர் ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த சாயங்காலம், பள்ளியிலிருந்து வரும்போது சிறுபாலத்தின் அடியிலிருந்து அந்த நாய் வெளியே வந்தது. செவலை நிறம். பின்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்தது. குடையை ஓங்கினேன். நின்றது. நான் நடந்தால் அதுவும் நடந்தது. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், கேட்டுக்கு வெளியே சேற்றில் படுத்திருந்தது. மத்தியானம் மீந்த ரசம் சாதம் இருந்தது. கொண்டுபோய்ப் போட்டேன்.

"ஒரு வேளை சோறு போட்டா அது உன் நாய். யோசிச்சுப் போடு" என்றார் வீட்டுக்காரர்.

"ஒரு கை சோத்துக்கு இவ்வளவு சட்டமா? தின்னுட்டுப் போகப் போகுது" என்றேன்.

போகவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. அதற்கு ஒரு பெயர் வைக்கலாம் என்று அவர் சொன்னபோது நான் விடவில்லை. பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், நாளைக்கு ஒன்று என்றால் கஷ்டம் என்று பெரிய ஞானி போலப் பேசினேன். "ஏய்" என்று கூப்பிட்டால் வந்தது. பெல்ட் இல்லாத நாயை, நாய் பிடிக்கிற வண்டிக்காரர்கள் கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள் என்பதால், தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு சிவப்பு பெல்ட் மட்டும் வாங்கி மாட்டினேன். தினமும் காலையில் ஏரிக்கரைத் திருப்பம் வரை என்னோடு வரும். நாலே கால் மணிக்கு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது குரைத்து நான் கேட்டதே இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஏனென்றால் அதற்கு ஒரு குணம் இருந்தது. அந்த நொண்டிக் காலைத் தொட்டால் ஆகாது. ஒரு முறை வீட்டுக்காரர் மருந்து போடலாம் என்று காலைப் பிடித்தார். வெடுக்கென்று திரும்பியது. கையில் சுற்றியிருந்த துண்டில் பல் பதிந்தது. அதன் பிறகு நாங்கள் அந்தக் காலைத் தொடுவதில்லை. எங்களுக்குத் தெரியும். தெருவில் போகிற வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அதைப் பற்றி நான் ஒரு நாளும் கவலைப்படவில்லை. பகலெல்லாம் அவிழ்த்துத்தான் விட்டிருந்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே சைக்கிள் வந்து நின்றது. பழைய ஊர்ப் பக்கத்து ஆள், கேரியரில் வைக்கோல் கட்டு. எங்கள் காலனி வருவதற்கு முன் இந்த இடத்திலெல்லாம் ஏர் ஓட்டிய குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் என்று பார்த்ததும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, எம் பொண்ண நேத்து சாயங்காலம் நாய் கட்ச்சிட்ச்சுமா. உங்க வூட்ல நாய் எதுனா கீதா?"

அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பின் தெருவில் ஒரு வீட்டு அல்சேஷன் யாரையோ கடித்து, நாற்பது பேர் திரண்டு வந்து அந்த வீட்டு வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டம்மாள் ஒரு வாரம் தலைகாட்டவில்லை. அது என் கண் முன்னால் வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

"எங்க வீட்ல நாய் இல்லைங்க" என்றேன்.

"இல்லமா, டாக்டரு இன்னா சொல்றார்னா..."

"அதான் இல்லைன்னு சொல்றேனே. தெருவுல நாலஞ்சு சுத்துது. அதுல எதுவோ."

"நீங்க சொன்னா சரிதாம்மா" என்று சைக்கிளைத் திருப்பினார். அந்த நேரம் நாய் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

தலையைத் துவட்டியபடியே வீட்டுக்காரர் வந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "ஏன் அப்படிச் சொன்னே?" என்றார்.

"பின்னே, நாற்பது பேரைக் கூட்டிட்டு வரட்டும்னு விட்டுடறதா?" என்று பாய்ந்தேன். அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே பெல்ட்டைக் கழற்றினேன். துடைப்பத்தால் தரையைத் தட்டி நாயை வெளியே விரட்டிக் கேட்டைப் பூட்டினேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்ததோ என்னவோ, வாலை ஆட்டிக்கொண்டு வெளியே நின்றது. ராத்திரி சோறு வைக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். இரண்டாவது பெஞ்சில் சுவரோரம் உட்காரும் பெண் வரவில்லை. கணக்கில் மந்தம், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் என்னிடம் பல தடவை காது திருகல் வாங்கியவள். அவள் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து சொன்னாள்.

"அவள நாய் கடிச்சிடுச்சு டீச்சர். நொண்டுதேன்னு அதோட கால தூக்கிப் பாத்தா. தொப்புளச் சுத்தி ஊசி டீச்சர், தினமும் ஒண்ணு. அந்த நாயக் கண்டுபிடிச்சா, பத்து நாள் அது நல்லா கீதான்னு பாத்துட்டு ஊசிய நிறுத்திடலாம்னு டாக்டர் சொன்னாராம். கெடைக்கலன்னா பதினாலும் போட்டே ஆவணுமாம். அவங்கப்பா தெருத்தெருவா தேடிகினு கீறாரு."

பதிவேட்டில் வைத்த பேனா அப்படியே நின்றுவிட்டது. அந்த மனிதர் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லத்தான் வந்தார். வாயைத் திறக்க விட்டிருந்தால் சொல்லியிருப்பார். நாய் என் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது, நன்றாக இருக்கிறது. அதைப் பத்து நாள் கட்டிப் போட்டுச் சோறு வைத்தால் போதும். பதினோரு வயதுப் பெண்ணின் வயிற்றில் ஊசி நிற்கும். இவ்வளவுதான் நான் செய்ய வேண்டியிருந்தது.

சொல்லலாம். ஆனால் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். நாய் கடித்ததற்காகக்கூட என்னை மன்னிப்பார்கள். பொய் சொன்ன டீச்சரை அந்த ஊர் எப்படிப் பார்க்கும்? எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைகளிடம் 'பொய் பேசாதே' என்று பிரம்பைத் தூக்குவது? கடிபட்ட குழந்தையின் வயிற்றைவிட என் மரியாதை எனக்குப் பெரிதாக இருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னால் அவ்வளவுதான்.

நாளைக்குச் சொல்லலாம் என்று திங்கட்கிழமை போயிற்று. செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுத் தெரு வரைக்கும் நடந்தேன். போகும்போதே வசனம் தயார் செய்தேன். 'அன்னிக்கு எனக்கு விஷயம் தெரியாது, இப்பதான் எங்க வாசல்ல ஒரு நாய் வந்து படுத்திருக்கு' என்று பொய்யை மாற்றாமலே நாயை மட்டும் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு வழி கண்டுபிடித்தேன். தெருமுனையிலிருந்து பார்த்தால் அந்தச் சைக்கிள் வாசலில் சாய்ந்து நின்றது. உள்ளே ஆள் இருக்கிறார். பக்கத்துக் கடையில் ஒரு கட்டு கொத்துமல்லி வாங்கிக்கொண்டு, அதை வாங்கத்தான் வந்தவள் மாதிரி திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கட்டு இருந்தது.

புதன்கிழமை காலை நான் பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் நாய் வண்டி வந்தது. ஊரில் ஒரு குழந்தையை நாய் கடித்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் காலனிச் சங்கச் செயலாளர் சொல்லிவிட்டிருந்தார். அவர் ஒன்றும் தவறு செய்யவில்லை. வண்டி ஆட்கள் இரண்டு பேர் கம்பிச் சுருக்கோடு இறங்கினார்கள். மற்ற நாய்கள் முள்ளுக்குள் ஓடிவிட்டன. இது மட்டும் என் கேட் வாசலில் அசையாமல் நின்றது.

"பெல்ட்டு இல்ல. யாரோட நாய் இது?" என்று ஒருவன் கேட்டான்.

செயலாளர் என்னைப் பார்த்தார். ஆறு மாதமாக அது என் பின்னால் நடந்ததை அவரும் பார்த்திருக்கிறார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் நாயும் பிழைத்திருக்கும், அந்தப் பெண்ணும் மீதி ஊசிகளிலிருந்து தப்பியிருப்பாள். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"தெரு நாய்தான்."

சுருக்கு கழுத்தில் விழும்போதும் அது என்னைத்தான் பார்த்தது. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. வண்டி திரும்பிப் போகும் வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செயலாளர் மட்டும் மெதுவாக, "ஸ்கூலுக்கு நேரமாகலையா?" என்றார்.

அதற்குப் பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்? காட்டுவதற்கு நாய் இல்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையதை யாரும் பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் பெயர் கூப்பிடும்போது அந்த ஒரு பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போவேன். இன்றைக்கு எத்தனையாவது ஊசி என்று மனது எண்ணும். ஐந்து, ஒன்பது, பதினொன்று. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் வீட்டுக்காரர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மூன்றாவது வாரம் அந்தப் பெண் வந்தாள். பாவாடையை வயிற்றில் படாமல் கீழே இறக்கிக் கட்டியிருந்தாள். முகம் பாதியாகிவிட்டிருந்தது. தன் இடத்துக்குப் போகாமல் நேராக என் மேஜைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பதிவேட்டை மூடி வைத்தேன்.

"டீச்சர்" என்றாள்.

"என்ன?"

"உங்க வூட்டு நாய்தான் கட்ச்சிதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன் டீச்சர். அப்பா உங்களாண்ட வந்து கேட்டாரு. உங்க வூட்ல நாயே இல்லைன்னு சொல்லிட்டீங்களாம்."

முன் பெஞ்சுப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"டீச்சர் மேலயே பொய் சொல்றியான்னு அப்பா அடிச்சாரு. உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டுதான் உக்காரணும்னு சொல்லி அனுப்பினாரு. மன்னிச்சிடுங்க டீச்சர்."

அவள் கண்ணில் கோபம் இல்லை. நான் அதைத் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பதினாலு ஊசியும் அப்பாவிடம் அடியும் வாங்கியவள், தான் கண்ணால் பார்த்ததையே தவறாகப் பார்த்துவிட்டோமோ என்று குழம்பிப்போய் என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி. இனிமே அப்படியெல்லாம் பொய் சொல்லக் கூடாது" என்றேன். "போய் உட்காரு."

"சரி டீச்சர்" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.