ஸ்டானிஸ்லாஸ் கொண்டுவந்த மஞ்சள் நூல்

ராயபுரத்து மீன்காரிகள் இருதயம்மாளைக் கண்டதும் செவுளைத் தாங்களே தூக்கிக் காட்டிவிடுவார்கள். பார்க்காமல் அவள் வாங்கமாட்டாள். சாமியார் பூசையைச் சீக்கிரம் முடித்துவிட்டால், எந்த ஜெபத்தை விழுங்கினார் என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்புகிறவள்.

பின்னல் வேலை அவளுக்குக் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் வந்தது. பெரம்பூர் ரயில்வே வீடுகளில் இருந்த சட்டைக்காரர்கள் என்ற ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்குக் குழந்தைச் சட்டை, காலுறை எல்லாம் பின்னிக் கொடுத்தாள். புருஷன் ஸ்டானிஸ்லாஸ் கப்பலில் சமையல்காரர். சண்டைக் காலத்தில் போனவர், இரண்டரை வருஷம் கழித்து நாற்பத்தைந்து டிசம்பரில்தான் வந்தார். பெட்டியிலிருந்து கம்பளி நூல் எடுத்துக் கொடுத்தார். கருநீலம் நிறைய, சாம்பல் கொஞ்சம், மஞ்சள் ஒரு கைப்பிடி.

நூலை விரலில் சுற்றியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றும் நெளிந்து நெளிந்து கிடந்தன. யாரோ பின்னி, பிறகு பிரித்த நூல். நீலமும் சாம்பலும் மாலுமிகளுக்குத் தானமாகக் கொடுத்த கழுத்துத்துணியும் காலுறையுமாம், கப்பலில் உட்கார்ந்து தானே பிரித்ததாகச் சொன்னார். மஞ்சளை மட்டும் கடையில் வாங்கியதாகச் சொன்னார்.

"கடைல வாங்குன நூலு இப்டி நெளிஞ்சிகினா இர்க்கும்?" என்றாள்.

"அந்தூரு நூலு அப்டித்தாம்மே," என்று அவர் வெளியே போய்விட்டார்.

மஞ்சள் மெல்லிய நூல். நெளிவும் பொடிப்பொடியாக இருந்தது. சின்ன ஊசியில், சின்ன உடம்புக்குப் பின்னியது. குழந்தைச் சட்டை பின்னியே பழகிய கைக்கு அதை வேறு யாரும் சொல்லவேண்டியதில்லை. கப்பலுக்குப் போகிற ஆண்கள் அங்கே எப்படி இருப்பார்கள் என்று அடுத்த வீட்டுக் கன்னியம்மாவிடம் பேச்சு வாக்கில் கேட்டாள். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் ரங்கூனில் இன்னொரு குடும்பம் வைத்திருந்த கதையை அவள் விவரமாகச் சொல்லி அனுப்பினாள். புருஷன் தூங்கும்போது இருதயம்மாள் அவர் பெட்டியை மூன்று தடவை துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

பனிக்காலத்துக் காலைப் பூசைக்குப் போர்த்திக்கொள்ள அந்த நூலில் ஒரு போர்வை பின்னுவதென்று முடிவு செய்தாள். எல்லா வரிசையும் ஒரே நேர்ப்பின்னல். ஆனால் நேராகப் பின்னினால் தோளிலிருந்து வழுக்கிவிடும். வளைந்து உட்கார வேண்டுமானால் சில வரிசைகளை முழுக்கப் போகாமல் பாதியில் திரும்பிவிட வேண்டும். அடுத்த முறை இன்னும் நாலு கண்ணி, அதாவது ஊசியில் நாலு நூல் வளையம், முன்னாலேயே திரும்ப வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் கூர்மையுமாக முக்கோணத் துண்டு வரும்.

அடிக்கு நீலம், நடுவில் கோடு கோடாகச் சாம்பல் என்று முதலில் நினைத்தாள். மஞ்சளை உள்விளிம்பில் மறைத்துவிடலாம். பிறகு மனம் மாறியது. மஞ்சளை இரட்டை இழையாக எடுத்து, அந்த முக்கோணங்கள் அத்தனையும் அதிலேயே போட்டாள். அவர் கண் அதில் படட்டும், முகம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம் என்பது கணக்கு.

சாயங்காலங்களில் அவருக்கு எதிரில் உட்கார்ந்து பின்னினாள். இரண்டாம் நாளே அவர் பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

முதல் முக்கோணம் முடிந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திரும்பிய இடமெல்லாம் ஓட்டை. திரும்புமுன் பக்கத்துக் கண்ணியை நூலால் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் ஓட்டை விழுந்திருக்காது. நேர்ப்பின்னலின் மேடு பள்ளத்தில் அந்தச் சுற்றும் தெரியாது. புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னியதில் விட்டுவிட்டாள். ஊசியை உருவி, நூலை இழுக்க ஆரம்பித்தாள். கண்ணிகள் சரசரவென்று கழன்றன.

"பிரிக்காதம்மே," என்றார். சத்தம் கேட்டு அவள் பக்கம் திரும்பியிருந்தார். "ஒரு தபா பிரிச்சத பாத்தேன். அதே போதும்."

அவள் கையை நிறுத்தினாள். "யார் பிரிச்சா?"

அவர் மஞ்சள் நூல் உருண்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "கப்பலு மூழ்கிப் பூட்ச்சிமே. ஆறு பேருதான் பொழச்சோம்."

அதன்பிறகு நிறுத்தாமல் சொன்னார். லண்டனில் மாலுமிகள் தங்கும் விடுதியில் நாலு மாதம் கிடந்தாராம். அங்கே சமையலறையில் வேலை செய்த அம்மாளின் கைக்குழந்தை குண்டு விழுந்து செத்துப்போயிருந்தது. இவர் கழுத்துத்துணியைப் பிரிப்பதைப் பார்த்து யாருக்கு என்று கேட்டாளாம். பொண்டாட்டி பின்னுவாள் என்று கையால் ஜாடை காட்டியிருக்கிறார். மறுநாள் அவள் குழந்தையின் சட்டையைக் கொண்டுவந்து, எதிரில் உட்கார்ந்து பிரித்து, உருட்டிக் கொடுத்தாளாம். கப்பல் மூழ்கிய விஷயம் தெரிந்தால் இருதயம்மாள் மறுபடி அனுப்பமாட்டாள் என்றுதான் எல்லாவற்றையும் மறைத்தாராம். பிப்ரவரிக் கப்பலுக்குப் பெயரும் கொடுத்தாயிற்று.

அந்த லண்டன் அம்மாளின் பெயர் என்ன, வயது என்ன, புருஷன் இருந்தானா என்று இருதயம்மாள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர் தெரியாது, வயது முப்பது இருக்கும், புருஷனைப் போட்டோவில்தான் பார்த்தேன் என்றார். மறுநாள் சுற்றி வளைத்து அதையே திரும்பக் கேட்டாள். பதில் மாறவில்லை.

கழன்ற கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினாள். முதல் முக்கோணத்தை ஓட்டையோடு அப்படியே விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து கண்ணியைச் சுற்றித் திரும்பினாள். போர்வை பொங்கலுக்குள் முடிந்துவிட்டது. கப்பல் விஷயத்தில் மட்டும் அவள் ஒரே வார்த்தைதான் பேசினாள்.

"நீ போவக்கூடாது."

துறைமுகத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே சேர்ந்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டு, பெயரை எடுக்கச் சொல்வதற்காக ஒரு திங்கட்கிழமை கப்பல் ஆபீசுக்குப் புறப்பட்டார். இருதயம்மாள் இருபதடி விட்டுப் பின்னாலேயே போய் எதிர்ச்சாரியில் நின்றாள். அவர் வெளியே வந்ததும் தெருவைக் கடந்து உள்ளே போய், ஸ்டானிஸ்லாஸ் பெயரை நிஜமாகவே அடித்துவிட்டார்களா என்று குமாஸ்தாவிடம் விசாரித்துக்கொண்டுதான் வீடு திரும்பினாள்.