கையைத் தூக்கச் சொன்ன அக்கா

எங்கள் அக்கா பிறந்தது வெல்லாவெளியில், வாழ்க்கைப்பட்டது நாவற்குடாவில். அத்தானை இளம் வயதிலேயே இழந்து, ஒரு தையல் மெசினை வைத்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். வாயும் கையும் ஒன்றாக ஓடும். வெட்கம் என்பது அவருக்கு ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது.

அந்த வெட்கமே அவரைக் கொண்டுபோகப் பார்த்தது. மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது, டொக்டர் ஆண் என்பதால், “நெஞ்சுக்க ஒரு மாதிரிக் கிடக்கு” என்று மட்டும் சொன்னார். டொக்டரும் இருதயமாக்கும் என்று ஈசிஜி எடுக்க அனுப்பிவிட்டார். வயர் ஒட்ட வந்த தாதி மிஸ்ஸியின் கைதான் கட்டியைக் கண்டது.

“இதச் சொல்ல என்னகா வெட்கம்?”

“நெஞ்செண்டு சொன்னன்தானே மிஸ்ஸி!”

இருதயம் கல்லுப்போல உறுதியாக இருக்கிறதென்று அந்த ஈசிஜி தாளைப் பிறகு எல்லோருக்கும் காட்டிச் சிரிப்பார்.

புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் அக்குளிலும் வெட்டியதால் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. தையல்காரிக்கு அது சின்ன இழப்பா? தினமும் சுவரில் விரல்களை மேலே மேலே நடக்கவிட்டு, எட்டிய இடத்தில் தையல் சோக்கால் கோடு போட்டார். கோடு கதவு நிலையைத் தாண்டிய அன்று எங்களுக்கெல்லாம் பாயாசம் காய்ச்சினார்.

அதன்பின் அளவெடுக்க வந்த ஒரு பெண்ணையும் சும்மா விட்டதில்லை. “கையத் தூக்குங்க” என்பார். நாடாவைக் கழுத்தடிக் காறையெலும்பில் பிடித்து, நெஞ்செலும்பு வழியே இறக்கி, அக்குளில் கொண்டுவந்து முடிப்பார்.

“இவ்வளவும் மார்புதான். அக்குள விட்டுட்டுத் தடவிப் பாக்கிறது, கை வைக்காமச் சட்டை தைக்கிற மாதிரி.”

காத்தான்குடியிலிருந்து வந்த முஸ்லிம் பெண்களும் இந்தப் பாடத்தைச் சிரித்துச் சிரித்துப் படித்தார்கள்.

எனக்கு மட்டும் ஒரு நாள் சிரிப்பு வரவில்லை. திருவிழாச் சட்டைக்கு அளவெடுத்தபோது அக்காவின் விரல் என் அக்குளோரம் நின்றுவிட்டது.

“நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போறம்.”

“திருவிழா முடியட்டும் அக்கா.”

“சட்டை பிந்தலாம்கா. இது பிந்தப்படாது.”

போனோம். கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள். அந்தச் சட்டையை அடுத்த வருடத் திருவிழாவுக்குப் போட்டேன். கை கொஞ்சம் இறுக்கம்தான், அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

கல்லுப்போல இருந்த அந்த இருதயம் போன வருடம் நின்றுவிட்டது. அன்று பந்தல் போட்ட அயலவர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும் கைகூப்புகிறோம். இந்த நினைவு மலரை வாங்கிச் செல்லும் பெண்கள் பதிலுக்குக் கைகூப்ப வேண்டாம். வீட்டுக்குப் போய், அறைக்கதவைச் சாத்திவிட்டு, கையைத் தூக்குங்கள். காறையெலும்பிலிருந்து அக்குள் வரை.

— தங்கை