டென்ட்டுக்கு வருகிறவர்களுக்கு அமைதி இலவசம்!

இன்று காலை, காபி குடிப்பதற்கு முன்பே ஒரு கம்ப்ளெயின்ட்!

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருக்கும் ஒரு டென்ட் கேம்ப்பில் எனக்கு வேலை. புக் செய்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வெல்கம் மெசேஜ் எழுதி அனுப்ப வேண்டும். எப்படி வருவது, என்ன எடுத்து வருவது, வந்தால் என்ன கிடைக்கும், எல்லாம். (பி.காம் படித்தது வீண் போகவில்லை.)

முதலில் நான் எழுதியது சாதாரண மெசேஜ். கொசு இருக்கும், க்ரீம் கொண்டு வாருங்கள். விடியற்காலையில் பக்கத்து உப்பளத்தில் வேலை நடக்கும், சத்தம் கேட்கும்.

ஓனர் சார் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"ஏம்மா, கெஸ்ட்டை வாங்கன்னு சொல்றியா, வராதீங்கன்னு சொல்றியா? நெகட்டிவ் வேர்டே இருக்கக் கூடாது. ஃபீல் குடும்மா, ஃபீல்!"

கொடுத்தேன்.

கொசு "இரவின் மெல்லிய ரீங்காரம்" ஆனது. கரண்ட் போவது "நட்சத்திர வெளிச்சத்தில் டின்னர்" ஆனது. சத்தம் இருந்த இடத்தில், "மின்னும் உப்பு வயல்களின் நடுவே, பூரண அமைதியில் கண் விழியுங்கள்" என்று வந்தது. சார் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். கடைசியில் ஒரு பச்சை இலை எமோஜி. (எங்கள் பக்கம் பச்சை என்றால் அது வேலிக்காத்தான் முள்தான்.)

உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. அதனால் பெண்கள் இருட்டோடு வந்து உப்பு வாருவார்கள். வாயை மூடிக்கொண்டு வாரும் வழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது இன்றைய கம்ப்ளெயின்ட்டுக்கு வருவோம். நேற்று வந்து தங்கிய ஒரு கணவன் மனைவி. கணவருக்குக் கண்ணெல்லாம் சிவப்பு.

"மேடம், பூரண அமைதின்னு போட்டிருந்தீங்க. ஒரு லேடி வாய்ஸ், மைக் வச்ச மாதிரி கேக்குது! நாங்க ரிலாக்ஸ் பண்ண வந்தோம்."

"சாரி சார், அது உப்பளத்துல வேலை செய்யறவங்க..."

"ப்ரூஃப் இருக்கு மேடம். ரெக்கார்ட் பண்ணியிருக்கேன், கேளுங்க."

ப்ளே செய்தார். முதலில் பலகையால் உப்பை இழுக்கும் சத்தம். அப்புறம் அந்த வாய்ஸ்.

"எம் பொண்ணுக்கு என்னா வேலைன்னா கேக்கற? வாங்க வாங்கன்னு எழுதறதுதான்டி வேலை! அதுக்கு மாசமானா சம்பளம் குடுக்கறாங்க. நம்மள எவன்டி வாங்கன்னு கூப்பிடறான்?"

கூடவே எல்லோரும் சிரிக்கிற சத்தம்.

அது என் அம்மா!

"இன்னொரு ஆடியோவும் இருக்கு" என்கிறார் அந்த மனிதர். (வேண்டாம் சார், வீட்டில் தினமும் லைவ்வாகவே கேட்கிறேன்.)

சாரி சொல்லி, ஆளுக்கொரு ஆம்லெட் எக்ஸ்ட்ரா வைத்தேன். ஆம்லெட்டைச் சாப்பிட்டுவிட்டு ஓனருக்கே போன் போட்டுவிட்டார்.

அடுத்த நிமிடம் ஓனர் லைனில்.

"அந்த லேடீஸ் கிட்டப் போய்ச் சொல்லும்மா. கெஸ்ட் இருக்கற அன்னிக்கு மட்டும் பேசாம வேலை பாக்கச் சொல்லு. பிஸ்கெட் பாக்கெட் ஏதாவது வாங்கிக் குடு. இது கூட உன்னால முடியலன்னா நான் வேற ஆள்தான் பாக்கணும்."

"சார், அதுல சத்தமாப் பேசறதே எங்க அம்மாதான்."

சார் அசரவே இல்லை.

"அப்போ ஈஸியாப் போச்சு! வீட்லயே சொல்லிடு!"

இந்த கேம்ப்புக்கு முதல் டென்ட் அடிப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே அந்தப் பாத்தியில் நிற்கிறவர்கள் அவர்கள். நேற்று வந்தவர் தூங்குவதற்காக அவர்கள் குசுகுசுவென்று பேச வேண்டுமாம். அதைப் போய்ச் சொல்ல வேண்டிய ஆள் நானாம்.

மதியம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பேசக் கூடாதா? பேசலன்னா அந்நேரத்துக்குத் தூக்கம் சொக்கும்டி. எவளாவது பாத்தியிலயே சாஞ்சிட்டான்னா உங்க ஓனரு வந்து தூக்குவானா?"

"எனக்கு வேலை போயிடும்மா."

அம்மா குரலைத் தணித்தார். (அதிசயம்!)

"சரி, அவளுங்க கிட்ட சொல்றேன். நாளையிலேர்ந்து வாய மூடிக்கிறோம். நீ வேலைய வுட்றாத."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதும் அழுகை வந்துவிட்டது.

கேம்ப்புக்குத் திரும்பினேன். யாரையும் கேட்கவில்லை. இந்த வாரம் வரப்போகிற எல்லோருக்கும் புது மெசேஜ் ஒன்று தட்டினேன்.

"வணக்கம், வாங்க. விடியற்காலையில் பேச்சுச் சத்தம் கேட்கும். பேசுகிறவர்கள் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள். அதில் ரொம்பச் சத்தமாகக் கேட்பது என் அம்மா. சத்தத்தைக் குறைக்க வழியில்லை, சின்ன வயதிலிருந்து முயற்சி செய்து பார்த்துவிட்டேன். தூங்கியே ஆக வேண்டும் என்றால் காதுக்குப் பஞ்சு கொண்டு வரவும்."

அனுப்பிவிட்டு, வேலை போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் ஓனர் போன். எடுத்தேன்.

"ஏம்மா, சூப்பர்! கெஸ்ட் எல்லாம் உங்க அம்மாவைப் பாக்கணும்னு கேக்கறாங்க. அம்மாவோட சால்ட் எக்ஸ்பீரியன்ஸ்னு ஒரு பேக்கேஜ் போட்டுடலாமா? அவங்க பேசணும், சிரிக்கணும், கெஸ்ட் கூட செல்ஃபி எடுத்துக்கணும். அவ்ளோதான்!"

காலையில் வாயை மூட வேண்டியிருந்த அம்மா, பொழுது சாய்வதற்குள் பேக்கேஜ் ஆகிவிட்டார்!

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சொன்ன பதிலை இங்கே எழுதினால் என் அக்கவுன்ட்டையே தூக்கிவிடுவார்கள். தெருவில் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

ஓனர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். நான் எதற்கு நடுவில்? பேசாமல் அவர் நம்பரை அம்மாவிடமே கொடுத்துவிடட்டுமா? என்ன சொல்கிறீர்கள் மக்களே?