திருப்பிக் கொடுக்காத டிக்கெட்

ஐம்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாதம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம். பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலை. என் வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா.

எனக்குக் கிரிக்கெட் பைத்தியம். இதை இன்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்று இதைச் சொன்னால், பைத்தியம் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார்கள். என் அப்பா ரயில்வேயில் இருந்தார். பெரம்பூரில் குடியிருந்தபோது அண்ணன்கள் ஆடுவார்கள், எனக்கு ஓட்டம் எழுதும் வேலை. ஆட விட மாட்டார்கள். சென்னையில் டெஸ்ட் மாட்ச் நடந்தபோது அப்பா அண்ணன்களை மட்டும் அழைத்துப் போனார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அந்த வெயில்ல?" என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த வருஷம் பொங்கலே எனக்கு இனிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு எதிர்வீட்டு ரேடியோதான் கதி. ஆங்கில வர்ணனை ஆரம்பித்தால், வாசலில் அரிசி புடைப்பதுபோல் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கல்லே இல்லாத அரிசியை எத்தனை தடவை புடைத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். பெரிய ஆட்டத்தில் கண்ணால் ஒரு பந்துகூடப் பார்த்ததில்லை, எல்லாம் காதால் பார்த்ததுதான். ஒரே ஒரு முறை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.

அந்தக் கார்த்திகையில் அடித்த புயலில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கட்டுமரங்களும் வலைகளும் கடலோடு போய்விட்டன. ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து நிதி திரட்ட ஒரு ஏலம் ஏற்பாடு செய்தார்கள். தலைமை என் வீட்டுக்காரருடைய மேலதிகாரி. ஏலப் பொருட்களில் இரண்டுக்குத்தான் பெயர். ஒன்று, இந்திய ஆட்டக்காரர்கள் கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் மட்டை. இன்னொன்று, தை மாதம் சென்னையில் நடக்கவிருந்த டெஸ்ட் மாட்சுக்கு ஐந்து நாளும் செல்லும் இரண்டு டிக்கெட்டுகள், ரயில் கட்டணத்தோடு. நன்கொடை கொடுத்தவரின் சிந்தாதிரிப்பேட்டை வீட்டிலேயே தங்குவதற்கு இடமும் சாப்பாடும் உண்டு.

என்னிடம் ஒரு தொகை இருந்தது. நாத்தனார் கல்யாணம் தை மாதக் கடைசியில். அதற்குப் பட்டுப்புடவை எடுக்கச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். திருக்கழுக்குன்றத்தில் இருந்த மாமியார், புடவை என்ன நிறம் என்றுகூடச் சொல்லி அனுப்பிவிட்டார். நான் அந்தப் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு ஏலத்துக்குப் போனேன். கூட வந்த வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மயக்கம் போட்டிருப்பார்.

மண்டபத்தில் ஆண்கள் நாற்காலிகளில், பெண்கள் பக்கவாட்டில் பாயில். முதலில் ஏலம் போட வந்தவர் கோர்ட் அமீனா. கடன்பட்டவர்களின் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்து ஏலம் விட்டுப் பழகியவர். அவர் குரலைக் கேட்டதுமே எல்லோருக்கும் அவரவர் வீட்டுக் கதவைக் கழற்றுவதுபோல் இருந்தது. ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழைக்கூட யாரும் கேட்கவில்லை. குப்பத்திலிருந்து வந்திருந்தவர்களில் ஒரு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வயதிருக்கும், கருகருவென்று திடமாக இருந்தார். தினமும் கரையில் மீன் ஏலம் போடுகிறவர் அவர்.

"நகரு அண்ணாத்த, நீ கூவறத கேட்டா மீனே கடலுக்குள்ள திரும்பிடும்" என்று சொல்லி மேடையேறிவிட்டார்.

அதற்கப்புறம் மண்டபம் வேறு மண்டபம். சிமிழ் போனது, சைக்கிள் போனது, அரை மூட்டை சீரகச்சம்பா போனது. அடுத்தது மட்டை. அதை மதுராந்தகம் பக்கத்து அரிசி ஆலை முதலாளி எடுத்தார். எடுத்தவர் எழுந்து நின்று, "இதை நிதிக்கே திருப்பிக் கொடுக்கிறேன், மறுபடியும் ஏலம் விடுங்க" என்றார். ஒரே கைதட்டல், மாலை. நம் பக்கத்துத் தர்ம ஏலங்களில் இது வழக்கம்தான். காசைக் கட்டிவிட்டுப் பொருளைத் திருப்பித் தந்தால் நிதிக்கு இரட்டை வரவு. அடுத்து ஒரு வக்கீல் அந்த மட்டையை எடுத்தார், அவரும் திருப்பிக் கொடுத்தார். பிறகு டாக்டர். மூன்று முறை விலைபோய் மூன்று முறை மேடைக்கே திரும்பி வந்த அந்த மட்டை, கடைசியில் யார் வீட்டுக்குப் போனதென்று எனக்குச் சத்தியமாக ஞாபகமில்லை. என் கண் முழுவதும் மேஜைமேல் இருந்த உறையில்தான் இருந்தது.

ஏலக்கார அம்மா அந்த உறையைத் தூக்கிக் காட்டினார். "இந்தா பாருங்க, காலைல ஏறின வஞ்சிரம் மாரி புச்சா கீது! யார் கேக்கறது?"

ஆலை முதலாளி கேட்டார். தன் மாப்பிள்ளைக்காம். வக்கீல் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

யாரும் கவனிக்கவில்லை. ஏலக்கார அம்மா மட்டும் கவனித்தார். "பொம்பளைங்க பக்கம் ஒரு கை! மேல கேளு!" என்றார். அத்தனை தலைகளும் திரும்பின. என் வீட்டுக்காரர் தலையும்தான். அவர் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

வக்கீல் கழன்றுகொண்டார். முதலாளி ஏற்றினார், நான் ஏற்றினேன். முந்தானை போனது, உடம்பு போனது, கரையும் போனது. கடைசியில் என் புடவை மொத்தமும் அந்த விலைக்குள் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு ரூபாய் அவர் கூட்டினாலும் நான் தீர்ந்தேன். முதலாளி பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லத் திரும்பினார்.

"ஒரு தரம் ரெண்டு தரம் மூணு தரம்!" ஒரே மூச்சு. நடுவில் ஈ நுழைய இடமில்லை. உறை என் கைக்கு வந்துவிட்டது.

கைதட்டல் எழுந்தது. தலைமை வகித்த அதிகாரி மலர்ந்த முகத்தோடு எழுந்து, "நம் ஆசிரியை அம்மாவும் இதைப் பெருந்தன்மையோடு நிதிக்கே திருப்பித் தருகிறார்கள்" என்று அறிவித்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலை வேறு எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அன்றும் வந்தது. எழுந்து நின்றேன்.

"இல்லை சார். நான் திருப்பித் தரலை" என்றேன்.

கைதட்டல் பாதியில் நின்றது. "உங்க வீட்டுக்காரர் போகப்போறாரா?" என்று கேட்டார் அதிகாரி.

"அவர் இல்லை சார். நான்தான் போகப்போறேன். மாட்ச் பார்க்க."

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. "டீச்சருக்கு எல்பிடபிள்யூ தெரியுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தெரியும். உங்களுக்குத் தெரியலேன்னா திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வாங்க, சொல்லித் தரேன்" என்றேன். இப்போது பெண்கள் பக்கம் சிரித்தது.

ஆனால் ஆலை முதலாளி சிரிக்கவில்லை. நல்ல மனுஷர் அவர், நியாயமாகத்தான் பேசினார். "நான் இன்னும் மேல கேக்க வாயத் தொறக்கறதுக்குள்ள முடிச்சிட்டாங்க. திருப்பிக் குடும்மா. இன்னொரு பங்கு போட்டு நானே எடுக்கறேன். குப்பத்துக்குத்தானே லாபம்?"

அது என்னைக் குத்திவிட்டது. மேடைக்குக் கீழே குப்பத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கட்டுமரம் போனவர்கள். என் ஆசைக்காக அவர்கள் வயிற்றில் அடிக்கிறேனோ என்று தோன்றியது. உறையை நீட்டிவிடலாம் என்று கை பாதி தூரம் போய்விட்டது. அதை மறைக்க மாட்டேன்.

அதிகாரி கடைசி அஸ்திரமாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

அலுவலகத்தில் அவர் முன்னால் உட்காரக்கூட யோசிக்கிற மனுஷர் என் வீட்டுக்காரர். எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். "அவ கேட்டு எடுத்தது சார். நான் எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். என் கை அப்படியே நின்றது.

அதற்குள் ஏலக்கார அம்மா மேடையிலிருந்து இறங்கி முதலாளி முன்னால் வந்து நின்றார். "நைனா, போனதுல என் வூட்டு மரமும் ஒண்ணு. நான் சொல்றேன். எடுத்தா எடுத்ததுதான். எங்க கரையில மீனை வித்துட்டு திருப்பி வாங்க மாட்டோம். குப்பத்துக்கு குடுக்கணும்னு நெனச்சா சும்மாவே குடு. அத்துக்கு டீச்சரம்மா டிக்கெட்டு இன்னாத்துக்கு?"

முதலில் சிரித்தவர் முதலாளிதான். வயிறு குலுங்கச் சிரித்தார். "சரியான போடு போட்டே!" என்று சொல்லிப் பையைத் திறந்து, டிக்கெட்டுக்குக் கேட்கவிருந்த தொகையை அப்படியே உண்டியலில் போட்டார். பின்னாலேயே வக்கீல் எழுந்து போனார், டாக்டர் போனார். எல்பிடபிள்யூ கேட்ட குரலும் போனது. எனக்காகக் கொண்டுவந்த மாலையை அந்த அம்மாளுக்குப் போட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் வந்து, "ஆமா, அஞ்சு நாளாவா ஆடுவாங்க? அத்தினி நாளு அப்டி இன்னாத்த ஆடுவாங்க?" என்று கேட்டார்.

"வந்து பாருங்களேன் அக்கா. ரெண்டு டிக்கெட் இருக்கு."

"இட்டுகினு போ, வர்றேன்" என்றார், யோசிக்காமல்.

வீட்டுக்கு நடக்கும்போது என் வீட்டுக்காரர் வழக்கத்தைவிட வேகமாக முன்னால் போனார். இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நினைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே வந்தேன். ஏரிக்கரை வந்ததும், "எனக்கு லீவு கிடைக்காது. கிடைச்சாலும் அந்த ஆட்டத்துல எனக்குத் தூக்கம்தான் வரும். வெயில் அதிகமா இருக்கும், குடை எடுத்துக்கோ" என்றார். அந்தக் குடை வார்த்தைக்காக அவர் பண்ணிய தப்பையெல்லாம் அன்றே மன்னித்தேன். பிறகு பண்ணியதற்கும் கொஞ்சம் சேர்த்து.

தை பிறந்தது. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு அக்கா புதுச் சேலை கட்டிக்கொண்டு, தூக்குச்சட்டியில் புளிச்சோறும் வறுத்த நெத்திலியுமாக வந்து நின்றார். எழும்பூரில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டையில் பையை வைத்துவிட்டு, மறுநாள் காலை ஸ்டேடியம் போனோம். படியேறி மேலே வந்ததும் அந்தப் பச்சை கண்ணில் பட்டது. ரேடியோவில் யாரும் எனக்கு அந்தப் பச்சையைச் சொன்னதில்லை. தூரத்தில் மட்டை அசைகிறது, கொஞ்சம் பொறுத்துத்தான் 'டொக்' என்று சத்தம் வருகிறது. அந்தச் சின்ன இடைவெளியைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நிஜமாகவே வந்துவிட்டேன் என்று அப்போதுதான் நம்பினேன்.

ஆனால் ஒரு குறை இருந்தது. என்ன நடக்கிறதென்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அக்கா என் தோளை இடித்துக்கொண்டே இருந்தார். "அங்க மூணு பேரு வலை புடிக்கிற மாரி குனிஞ்சிகினு நிக்கிறானுங்களே, அவனுங்க யாரு? இவன் ஏன் துணியில தேய்க்கிறான்? இப்ப எதுக்கு கத்தறாங்க?" நான் காதோடு காதாகச் சொல்ல ஆரம்பித்தேன். பந்து எப்படித் திரும்பியது, இவர் ஏன் முன்னால் வந்து ஆடினார், அடுத்து அவரை எங்கே நிறுத்துவார்கள் என்று நல்ல தமிழில், பந்துக்குப் பந்து. எத்தனையோ வருஷம் கேட்டுக் கேட்டு உள்ளே சேர்ந்தது அது, அருவி மாதிரி கொட்டியது.

முன்வரிசையில் தொப்பி போட்ட ஒருவர் திரும்பினார். சத்தம் போடாதே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்திட்டீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, எங்களுக்கும் கேக்கட்டும்" என்றார்.

கூச்சத்தில் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். அக்கா முதுகில் ஒரு தட்டு தட்டினார். "வாயத் தொறந்து சொல்லு டீச்சரம்மா, ஏலத்துல கேட்ட மாரி!"

சொன்னேன். சாப்பாட்டு இடைவேளைக்குள் சுற்றிலும் நான்கைந்து வரிசை என் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நெத்திலி ஒரு தூள்கூட மிஞ்சவில்லை. மறுநாளும் அதே ஆட்கள் வந்து எங்களைத் தேடிப்பிடித்து முன்னால் உட்கார்ந்தார்கள். ஐந்து நாளும் பேசித் தொண்டை கட்டிப்போய்த்தான் செங்கல்பட்டு திரும்பினேன்.

நாத்தனார் கல்யாணத்துக்கு என் கூறைப்புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனேன். மாமியார் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. நானும் தொண்டையைக் காட்டித் தப்பித்துக்கொண்டேன். பங்குனியில் குப்பத்துக்குப் போனபோது புதுக் கட்டுமரங்கள் கரையில் வரிசையாகக் கிடந்தன. அக்கா வீட்டு மரத்தைக் குப்பத்தில் 'டீச்சர் மரம்' என்றுதான் சொன்னார்கள். மணலில் உட்காரவைத்து, மாட்ச் முழுவதையும் முதல் பந்திலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ நிதிக்குக் கொடுத்திருக்கிறேன், கணக்குப் பார்த்ததில்லை. ஆனால் 'இது எனக்கு வேண்டும்' என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லி வாங்கிக்கொண்ட எதையும், எத்தனை பேர் கைதட்டினாலும், நான் திருப்பிக் கொடுத்ததே இல்லை.