காக்காய் எடுக்காத சாதம்

தேனாம்பேட்டை ஆபீஸ் வேலை போன பிறகு, மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் பூச்சி வளர்த்தேன். சுவர் இடுக்கிலிருந்து விடாமல் கத்துமே, அந்தச் சுவர்க்கோழிதான். பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அட்டைகளை அடுக்கி, தவிடும் கேரட்டும் போட்டு வளர்க்க வேண்டும். வளர்ந்ததை ஃப்ரீசரில் வைத்து, உப்புத் தண்ணீரில் வேகவிட்டு, காயவைத்து அரைத்தால் சத்து மாவு. பாலவாக்கத்து ஜிம்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். எனக்கிருந்த ஒரே பிழைப்பு அது. ஆடு வளர்ப்பதைவிடத் தண்ணீரும் தீனியும் எவ்வளவு குறைச்சல் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்வேன். அதற்கப்புறம் என் வீட்டில் யாரும் டீகூடக் குடித்ததில்லை.

கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். வெங்காயம்கூடச் சேர்க்காதவர். "ஒரு பூச்சி படியிறங்கி வந்தாலும் காலி பண்ணிடணும்" என்று சொல்லித்தான் மாடியைக் கொடுத்தார்.

ஓர் அமாவாசையன்று, நாள் பார்க்காமல், வெந்த பூச்சிகளை வடாம் மாதிரி வேட்டியில் பரப்பினேன். மேலே வலை போட மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் பேட்டைக் காக்காய் அத்தனையும் வேட்டியில். மாமி கைப்பிடிச் சுவரில் சாதம் வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இறந்துபோன கணவருக்கு வைத்த சாதம். காக்காய் எடுத்த பிறகுதான் மாமி சாப்பிடுவார். ஒரு காக்காய்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

காக்காய்களை விரட்டி வேட்டியைச் சுருட்டினேன். அவை தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து என் மூட்டையையே பார்த்தன. மணி இரண்டு. மாமிக்குச் சர்க்கரை வியாதி வேறு. இன்றோடு மாடி போச்சு என்று நினைத்தேன். அவர் பசியோடு நிற்பதைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

"அதுல என்ன போட்டிருக்கேள்?" என்றார் மாமி.

"உப்பு மட்டும்தான் மாமி."

மாமி சுவரிலிருந்த சாதத்தைப் பார்த்தார்.

"அவருக்கு உப்புன்னா உசிரு. கிட்னி போனப்புறம் ரெண்டு வருஷம் உப்பில்லாமத்தான் போட்டேன். கெஞ்சுவார். நான் குடுக்கலை."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு பிடி எடுத்து சாதத்து மேல வைங்கோ. நான் பாக்கலை."

வைத்தேன். ஒரு காக்காய் இறங்கியது. பூச்சியோடு சாதத்தையும் கொத்தியது. மாமி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

காலி பண்ணும் பேச்சு வரவேயில்லை. ஒவ்வோர் அமாவாசைக்கும் முதல்நாள் சாயங்காலம் படியடியிலிருந்து மாமியின் குரல் மட்டும் வரும்.

"நாளைக்குக் காயப்போடறேள்தானே?"